கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மீட்டர்காரருக்கு மனிதர் வாயைவிட முள்மேல்தான் நம்பிக்கை. முப்பத்து நான்கு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். அந்த முப்பத்து நான்கு வருடத்தில் அவரை ஏழாயிரம் நாய்கள் துரத்தியிருக்கின்றன. பதினோராயிரம் பேர், "நாங்க இவ்வளவு கரண்ட் செலவு பண்ணவே இல்லையே சார்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள். நாய்களைக் கண்டால் ஓடுவார். மனிதர்களிடம் மட்டும் அசைய மாட்டார். "மீட்டர் பொய் சொல்லாதும்மா" என்று ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து வீசிவிட்டு அடுத்த வீட்டு மணியை அழுத்தப் போய்விடுவார்.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றதும் கிளைடர் கிளப்பில் சேர்ந்தார். கிளைடர் என்றால் இஞ்சின் இல்லாத விமானம். நீண்ட இறக்கை, ஒல்லி உடம்பு, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். ஏன் சேர்ந்தார் என்று கேட்டவர்களிடம் "சும்மாதான்" என்றார். உண்மை வேறு. ஓய்வு பெற்ற மனிதனைக் கண்டால் உலகத்துக்கே வாய் ஊறுகிறது. மனைவி ஒரு யோசனை சொல்கிறாள், மகள் ஒன்று, மகளுடைய மாமியார் இரண்டு, குப்பை வண்டிக்காரர்கூட நின்று ஒன்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். பின்சீட்டைக் காலியாக விட்டுத் தனியாகப் பறக்கும் அந்த இருபது நிமிடம் மட்டும்தான் அவருக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. அந்த இருபது நிமிடத்துக்காக வாரம் முழுவதும் வெண்டைக்காயை இப்படி நறுக்கு, அப்படி நறுக்கு என்பதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்.

போன மாதம் அதற்குத்தான் ஆபத்து வந்தது.

கொண்டுவந்தவர் டீச்சர். முன்பு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை; இப்போது கிளப்பில் பறக்கச் சொல்லிக்கொடுக்கிறவர். யார் தனியாகப் போகலாம், யார் கூடாது என்று தீர்ப்பெழுதுகிறவரும் அவரே. தரையில் இருக்கும்போது நாலு வார்த்தை பேசுவார். மேலே ஏறிவிட்டால் அவருடைய மொழியில் மொத்தமே ஓர் எழுத்துதான்: "ம்." சரியாகச் செய்தாலும் "ம்." தப்பாகச் செய்தாலும் "ம்." இன்னும் பத்து விநாடியில் மரத்தில் மோதப் போகிறோம் என்றாலும் "ம்"தான், கொஞ்சம் நீளமாக.

வருடாந்தரப் பரிசோதனைக்காகப் பின்சீட்டில் உட்கார்ந்து வந்த டீச்சர், இறங்கியதும் சொன்னார்: "மீட்டர் சார், இருபத்திரண்டு நிமிஷத்துல நீங்க வெளியே பார்த்தது நாலே தடவை. அதுலயும் ஒரு தடவை தும்மல் வந்ததால. நீங்க பறக்கல. ரீடிங் எடுத்தீங்க."

மீட்டர்காரர் தலை குனிந்தார். குனிந்த இடத்திலும் ஒரு மீட்டர் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் எல்லா மீட்டரையும் மூடிட்டுப் பறந்து காட்டுங்க. சரியா வந்தா தனியாப் போலாம். வரலன்னா இனிமே எப்பவும் பின்னால ஒரு ஆள்."

வீட்டில் சொன்னபோது மனைவி பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "பின்னால ஒரு ஆள் உக்காந்து சொல்லிக்கிட்டே இருக்கணும்னா, அதுக்குத்தான் வீட்ல நான் இருக்கேனே? எதுக்கு அவ்வளவு தூரம் போறீங்க?"

பரிசோதனையில் தோற்றால் ஞாயிற்றுக்கிழமையும் வெண்டைக்காய்தான் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

அந்த ஞாயிறும் வந்தது. காலையில் மைதானத்துப் புல்லில் இறங்கியிருந்த பனியில் மீன் வளர்க்கலாம். கிளைடர் நிறுத்தும் கொட்டகையில் பழைய மேசையைச் சுற்றி இரண்டு பேர் உட்கார்ந்து பிளாஸ்க் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பல் டாக்டர். மீட்டர்காரருடைய மனைவியின் தம்பி. வாரம் முழுவதும் பிறர் வாயைத் திறக்கவைப்பவர், ஞாயிற்றுக்கிழமை தன் வாயைத் திறந்தால் மூட மாட்டார். இன்னொருவர் பேக்கரிக்காரர். விடிவதற்குள் ஊருக்கே ரொட்டி சுட்டுவிட்டு, காதுமடலில் மாவோடு அப்படியே வந்துவிடுவார். மைதானத்தின் மறுகோடியில் வின்ச் என்றொரு இயந்திரம் உண்டு. ஒரு கிலோமீட்டர் கம்பியைச் சடசடவென்று சுருட்டி, பட்டம் இழுப்பதுபோல் கிளைடரை மேலே இழுத்துவிடும். அன்று அதை ஓட்டும் முறை பேக்கரிக்காரருடையது.

"அத்தான், எல்லாத்தையும் மூடிட்டா உங்களுக்குன்னு என்னதான் மிச்சம்?" என்று ஆரம்பித்தார் பல் டாக்டர்.

"நூல் இருக்காம். டீச்சர் சொன்னாங்க" என்றார் மீட்டர்காரர். சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. நூலாம்!

கிளைடர்காரர்கள் மூக்குக்கு நேரே, ஓட்டுபவர் தலைமேல் கவியும் கண்ணாடி மூடியின் வெளிப்புறத்தில் ஒரு சாண் கம்பளி நூலை ஒட்டி வைத்திருப்பார்கள். முன்நுனிக்கு மட்டும் ஒட்டுநாடா. வால் சும்மா கிடக்கும். கிளைடர் நேராகப் போனால் எதிர்க்காற்றில் நூல் நேராகப் படுத்திருக்கும். பக்கவாட்டில் சறுக்கினால் வால் ஒரு பக்கம் ஒதுங்கும். உடனே காலடியில் இருக்கும் இரண்டு பெடல்களில் சரியானதை மிதித்துக் கிளைடரின் மூக்கைத் திருப்ப வேண்டும். அவ்வளவே. முள் இல்லை, எண் இல்லை, அரசு முத்திரை இல்லை. மீட்டர்காரர் இத்தனை நாளும் அதை யாரோ துடைக்காமல் விட்ட ஒட்டடை என்றே நினைத்திருந்தார்.

"நூலைப்போல ஒரு கருவி உலகத்துல கிடையாதுண்ணே" என்றார் பேக்கரிக்காரர். "பாட்டரி வேணுமா? எண்ணெய் வேணுமா? முள்ளு சிக்குமா? என்னைக்காவது நூல் ரிப்பேர்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"நேத்து நீ கண்ணாடி கழுவின கழுவல்ல அந்த நூலே போயிடுச்சு. அது ரிப்பேர்ல சேராதா?" என்றார் பல் டாக்டர். "அத்தான், இவன் பேச்சைக் கேட்காதீங்க. பந்துதான் மீட்டர். வளைஞ்ச கண்ணாடிக் குழாய்க்குள்ள ஒரு கறுப்புப் பந்து. நேராப் போனா நடுவுல நிக்கும், சறுக்கினா உருண்டு ஓடும். பந்து எந்தப் பக்கம் ஓடுதோ அந்தக் காலை மிதிங்க. சின்னப் பிள்ளைக்கும் புரியும்."

"அதைத்தான் மூடப்போறாங்களே, அதைப் பத்தி ஏன்யா பேசுற? அண்ணே, நூலுக்கு மட்டும் கேட்டுக்குங்க. வால் எந்தப் பக்கம் போகுதோ அதுக்கு எதிர்க்காலை மிதிக்கணும்."

மீட்டர்காரர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "இரு. பந்து போற பக்கம் மிதிக்கணும். நூல் போனா எதிர்ப்பக்கம் மிதிக்கணும். அப்ப ரெண்டும் எதிரும் புதிருமா காட்டுதா?"

"எதிராத்தான் காட்டும், ஆனா சொல்றது ஒண்ணைத்தான்."

"ஒண்ணையே சொன்னா ஒரே பக்கம் போய்த் தொலையறதுக்கு என்ன?"

"நூலைக் காத்து தள்ளுது, பந்தை எடை இழுக்குது அத்தான்" என்றார் பல் டாக்டர். "எங்க வீட்ல அவ வலது கையைக் காட்டிக்கிட்டே 'இடது பக்கம் திரும்புங்க'ன்னு சொல்லுவா. கையைப் பார்க்கணுமா, வாயைக் கேட்கணுமான்னு பழகினவனுக்குத்தான் தெரியும்."

"நீ எதைக் கேட்ப?"

"நான் காரை நிறுத்திடுவேன்."

கிளைடரை நிறுத்த முடியாதே என்று மீட்டர்காரர் கவலைப்பட்டார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் 'நூல் - எதிர்' என்றும், வலது உள்ளங்கையில் 'பந்து - அதே' என்றும் எழுதினார். எழுதியபின் இரண்டையும் மாறி மாறிப் பார்த்ததில், வலது கையில் எழுதியது வலது காலுக்கு மட்டும்தானோ என்ற புதுச் சந்தேகம் முளைத்தது.

"இதெல்லாம் விடுங்கண்ணே" என்று பேக்கரிக்காரர் குரலைத் தாழ்த்தினார், ஏதோ குடும்ப ரகசியம் சொல்வதுபோல். "எல்லாத்தையும்விட நல்ல மீட்டர் ஒண்ணு உங்ககிட்டயே இருக்கு. இப்பகூட அதுமேலதான் உக்காந்திருக்கீங்க. கிளைடர் ஒரு இம்மி சறுக்கினாலும் முதல்ல அதுக்குத்தான் தெரியும்."

"அதுல முள்ளு எங்கய்யா இருக்கு?"

"முள்ளு இருந்தா உக்கார முடியுமாண்ணே?"

பல் டாக்டருக்குப் புரையேறியது. அப்போது கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. டீச்சர். அன்றைய கிளைடரை ஒருமுறை சுற்றி வந்து, இறக்கையைத் தட்டி, வாலை ஆட்டிப் பார்த்திருந்தார். "மீட்டர் சார், நூல் இல்ல. ஒண்ணு ஒட்டிடுங்க. பத்து நிமிஷத்துல வரேன்."

நூலுக்கு எங்கே போவது? மீட்டர்காரர் தன்னையே பார்த்தார். மனைவி பின்னிய சிவப்பு ஸ்வெட்டர். அவள் அளவெடுக்கும் வழக்கமில்லாதவள்; கைகள் விரலையும் தாண்டித் தொங்கும். வலது கையின் ஓரத்தில் முடிச்சோடு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார். ஒரு சாண் வந்ததும் கத்தரித்தார். நுனி முடிச்சு வால்பக்கம் இருக்கட்டும், பிரியாது என்று கணக்கும் போட்டார். கத்தரித்த இடத்தில் ஸ்வெட்டர் சத்தமில்லாமல் அவிழத் தொடங்கியது. அது அவருக்குத் தெரியாது.

ஒட்டப் போனால் கண்ணாடி முழுக்கப் பனி. துடைத்தார், ஒட்டினார்; வழுக்கி விழுந்தது. மறுபடி துடைத்தார், ஒட்டினார். நத்தைபோல் ஊர்ந்து இறங்கியது. மூன்றாம் முறை ஒட்டுநாடா அவர் மூக்கில்தான் நன்றாக ஒட்டியது. உள்ளங்கை எழுத்துகள் இரண்டும் கரைந்து ஒரே நீலமாகிவிட்டன. கொட்டகையிலிருந்து டீச்சரின் காலடி கேட்கிறது.

கண்ணாடி மூடியைத் தூக்கினார். உட்பக்கமும் லேசாக வேர்த்திருந்தது; ஆனால் ஒட்டுநாடா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது.

அவர் யோசிக்காமல் ஒன்றும் செய்யவில்லை. நன்றாக யோசித்தார், அதுதான் வினை. முதலாவது, மீட்டரை மழையிலும் வெயிலிலும் வைக்கக் கூடாது என்பது இலாகாவின் பாலபாடம். இரண்டாவது, கண்ணாடி வழியாகப் பார்க்கப்போவதுதானே. நூல் இந்தப் பக்கம் இருந்தால் என்ன, அந்தப் பக்கம் இருந்தால் என்ன? மூன்றாவது, முன்னால் கிளைடரின் மூக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. வெளிக்காற்று அதன் வழியாக உள்ளே வந்து கண்ணாடியின் அடியில் வீசும், பனிப்படலம் பிடிக்காமல் இருப்பதற்காக. அப்படியானால் நூலுக்கு வேண்டிய காற்று உள்ளேயும் இருக்கிறது. கம்பத்தில் ஓடும் கரண்ட்தானே வீட்டு மீட்டரிலும் ஓடுகிறது?

நூல் ஈரத்தில் பல்லிபோல் கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தது. டீச்சர் வந்தார், வெளியே நின்று பார்த்தார், "ம்" என்றார், பரிசோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

பிறகு தன் பையிலிருந்து வட்டமான கறுப்பு ரப்பர் மூடிகளை எடுத்தார். உயரம் காட்டுவதன்மேல் ஒன்று. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டுவதன்மேல் ஒன்று. பந்தின்மேல் ஒன்று. ஒவ்வொன்றும் 'சப்' என்று ஒட்டும்போது மீட்டர்காரருக்கு நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் கண்ணை மூடியதுபோல் இருந்தது. வேகம் காட்டுவதை மட்டும் விட்டு, நாலாவது மூடியை அவர் கையில் கொடுத்தார். "கம்பியை விட்டதும் இதையும் மூடிடணும்."

பின்சீட்டில் டீச்சருக்கு வேகமும் உயரமும் காட்டும் இரண்டு மட்டும் உண்டு. பழைய கிளைடர், பந்து முன்னால்தான். அந்த ஒரு விவரத்தை மறக்கக் கூடாது.

வின்ச் உறுமியது. பேக்கரிக்காரர் அன்று கொஞ்சம் பாசத்தோடு இழுத்துவிட்டார். மீட்டர்காரரின் வயிறு கொட்டகையிலேயே தங்கிவிட்டது, மற்றதெல்லாம் மேலே போயிற்று. நானூறு மீட்டர் உயரத்தில் மஞ்சள் குமிழை இழுத்துக் கம்பியைக் கழற்றினார். 'சப்' என்று கடைசி மீட்டரையும் மூடினார். எதிரே நாலு கறுப்பு வட்டம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் இருந்தது.

மூக்கு ஓட்டைக் காற்றோட்டத்தின் கைப்பிடியை முழுக்கத் திறந்தார். ஈரம் உலர்ந்தது. நூல் மெல்ல உயிர்பெற்று எழுந்து, கண்ணாடியின் அடிப்புறத்தை ஒட்டியே அவரை நோக்கி நீண்டு, நேராக நின்றது. நேர் என்றால் சாதாரண நேரா? அளவுகோல் வைத்துக் கோடு போட்ட நேர்.

"நேரா இருக்கு டீச்சர்!"

"ம்."

இடது பக்கம் திரும்பினார். கைக்கோலை இடது பக்கம் சாய்த்தால் கிளைடரும் சாய்கிறது. கூடவே இடது பெடலையும் மிதித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாய்ந்த பக்கமாகச் சறுக்கும். அவர் மிதிக்கவில்லை. நூல்தான் நேராக இருக்கிறதே, எதற்கு மிதிப்பது? வலது பக்கம் திரும்பினார். நேர். மறுபடி இடது பக்கம், இன்னும் செங்குத்தாக. நேர்! கிளப்பில் முப்பது வருடம் பறந்தவர்களுக்குக்கூட நூல் கொஞ்சம் நெளியும். இவருக்கு ஒரு நூலிழைகூட நெளியவில்லை. மீட்டர்காரருக்கு நெஞ்சு விம்மியது. இத்தனை நாளும் தன் திறமையை மறைத்தது அந்தப் பாழும் முள்கள்தான் போலிருக்கிறது!

"ம்?" என்றார் டீச்சர்.

இது புது 'ம்'. முடிவில் ஒரு கொக்கி இருந்தது. மீட்டர்காரர் அதைப் படிக்க முயன்றார். பாராட்டா? பொறாமையா? திரும்பிப் பார்க்க முடியாது. காதைப் பின்னால் அனுப்பிவைத்தார்.

அப்போதுதான் வேறு சில விஷயங்கள் நடக்கத் தொடங்கின. சட்டைப்பைப் பேனா தானாக இடது பக்கம் சாய்ந்தது. இடது பக்கம் இருக்கும் சின்னச் சன்னல் இடுக்கில் காற்று சீறி, இடது காதில் யாரோ கோள் சொல்வதுபோல் ஊதியது. அவர் உட்கார்ந்திருந்த இடம் மெல்ல, மிக மெல்ல, இடது பக்கமாக நழுவியது. வார்கள் மட்டும் இல்லாவிட்டால் சன்னல் வழியாக வெளியேறியிருப்பார். பின்னால் டீச்சரின் முழங்கால் 'டொக்' என்று சுவரில் இடித்தது.

நூல் நேராக இருந்தது.

"ம்ம்" என்றார் டீச்சர். இரண்டு! மீட்டர்காரருக்கு வேர்த்தது. இரண்டு 'ம்' வருவதற்கு என்ன அர்த்தம்? இரண்டு மடங்கு சரியா, இரண்டு மடங்கு தப்பா? காது ஒன்று சொல்கிறது, பேனா ஒன்று சொல்கிறது, பேக்கரிக்காரர் புகழ்ந்த இடம் கூச்சல் போடுகிறது. நூலோ ஒன்றுமே நடக்கவில்லை என்று சாமியார்போல் கிடக்கிறது. எதை நம்புவது?

மீட்டரைத்தான். பின்னே எதை? முப்பத்து நான்கு வருடம் பழகிய வாய் தானாக முணுமுணுத்தது: "மீட்டர் பொய் சொல்லாதும்மா."

சொன்னதும் அவருக்கே சுருக்கென்றது. யாரிடம் சொன்னார்? தன் உடம்பிடம். "நான் நேராப் போகலையே சார், சறுக்கறேனே" என்று அது கெஞ்சுகிறது. அவர் அடுத்த வீட்டுக்குப் போகப் பார்க்கிறார். பச்சைக் கதவு வீட்டம்மா ஒருத்தி நினைவுக்கு வந்தாள். இரண்டு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனவள். மீட்டர் மட்டும் ஓடியிருந்தது. "மெயின் சுவிட்சை அணைச்சுட்டுப் பாருங்க சார். அப்பவும் ஓடுச்சுன்னா மீட்டர்தானே தப்பு?" என்று வாசல்வரை ஓடி வந்தாள். அவர் பார்க்கவில்லை. அன்று அந்தத் தெருவில் ஒரு நாய் வேறு காத்திருந்தது.

இப்போது நாய் இல்லை. மீட்டர்காரர் கையை நீட்டினார். காற்றோட்டத்தின் கைப்பிடியை அழுத்தி மூடினார். மெயினை அணைத்தாயிற்று.

வெளியே மணிக்கு எண்பது கிலோமீட்டர் காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. நூல் மட்டும் பொத்தென்று விழுந்து, கண்ணாடியிலிருந்து அவர் முகத்துக்கு நேரே தொங்கியது.

மீட்டர்காரர் அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. 'வெளியே' என்ற சொல் அப்போதுதான் அவருடைய மண்டைக்குள் மெதுவாக இறங்கியது. நூல் காட்டியது வானத்துக் காற்றை அல்ல. அந்த மூக்கு ஓட்டைக் காற்றை. கிளைடர் குட்டிக்கரணம் போட்டாலும் அது நேராகத்தான் நின்றிருக்கும்!

அத்தோடு போயிற்றா? தொங்கிய நூல் சும்மா இருக்கவில்லை. நுனி முடிச்சின் கனத்தில், மெல்ல இடது பக்கமாகச் சாய்ந்து நின்றது. மீட்டர்காரர் தன் இடது உள்ளங்கையைப் பார்த்தார். நீலச் சேறு. 'நூல் - எதிர்' என்பது நினைவில் இருந்தது. நூல் இடது பக்கம் போனால் வலது காலை மிதிக்கணும். மிதித்தார்.

கிளைடர் முழுசாகப் பக்கவாட்டில் திரும்பி நண்டாகிவிட்டது. டீச்சரின் தலை கண்ணாடியில் 'டங்'. நூல் இன்னும் இடது பக்கம் போனது.

"ம்!!"

அந்த 'ம்' மட்டும் தெளிவாகப் புரிந்தது. அவசரமாக இடது காலை மிதித்தார். நூல் நடுவுக்கு வந்தது. காதில் சீற்றம் நின்றது. பேனா நிமிர்ந்தது. பின்புறத்துக் கூச்சல் அடங்கியது. அடடா! காற்று தள்ளாத நூல் நூலில்லை. எடை இழுக்கும் பந்து! ஆக, கையில் இருப்பது நூல், ஆனால் பின்பற்ற வேண்டியது பந்தின் சட்டம். வலது கைப் பாடத்தை இடது கைப் பொருளுக்குப் படிக்க வேண்டும். இதை யாரிடமாவது சொன்னால் பைத்தியம் என்று கையைப் பின்பக்கம் கட்டி அழைத்துப்போவார்கள்.

மைதானம் கீழே சுழன்று வந்தது. இறங்கும் நேரம். இறங்க வரும்போது எந்த நூலையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. புல்லைத்தான் பார்க்க வேண்டும். மீட்டர்காரர் முதன்முறையாகக் கண்ணை எடுக்காமல் வெளியே பார்த்தார். கொட்டகைக் கூரை, தண்ணீர்த் தொட்டி, பல் டாக்டரின் வழுக்கை எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. இத்தனை நாளும் எங்கே போயிருந்தன? காற்றின் ஓசை தாழ்ந்தால் மூக்கை இறக்கினார், உயர்ந்தால் ஏற்றினார். கீழே இருக்கும் மீட்டர் இடது பக்கம் முனகினால் இடது கால், வலது பக்கம் முனகினால் வலது கால். கிளைடர் பேக்கரி ரொட்டியில் வெண்ணெய் தடவினாற்போல் புல்லில் இறங்கி, ஓடி, நின்று, ஓர் இறக்கையைத் தரையில் சாய்த்துக்கொண்டது.

டீச்சர் பின்சீட்டிலிருந்து இறங்கி முன்னால் வந்து நின்றார். நெற்றியில் ஒரு சின்ன வீக்கம். கையில் சிவப்பு அட்டைப் பறத்தல் பதிவேடு, பேனா.

"இறக்கினது நல்லா இருந்துச்சு" என்றார். பேனா மூடி திறந்தது.

கையெழுத்துக்கும் அவருக்கும் நடுவில் ஒரே ஒரு விரற்கடை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இருபது நிமிடமும், காலிப் பின்சீட்டும், யோசனை சொல்லாத வானமும் அவருடையவை. மீட்டர்காரர் வாயை மூடித்தான் பார்த்தார். ஆனால் தப்பான ரீடிங் என்று தெரிந்தே எழுதிக்கொடுத்துப் பழக்கமில்லை.

"டீச்சர், ரீடிங் தப்பு."

"எந்த ரீடிங்?"

"நூல். அது உள்ள இருக்கு."

"எதுக்கு உள்ள?"

"கண்ணாடிக்கு உள்ள. இந்தப் பக்கம்."

டீச்சர் கண்ணாடி மூடிக்கு மேலே விரலை வைத்து நூலைத் தொடப்போனார். கண்ணாடி தட்டுப்பட்டது. இன்னொரு முறை, வேறு விரலால். கண்ணாடிதான். அதற்குள் ஓடி வந்துவிட்ட பல் டாக்டர் தன் விரலாலும் குத்திப் பார்த்தார்.

"ம்" என்றார் டீச்சர். பிறகு யாரும் எதிர்பாராமல் கிளைடரின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "மேல என் முதுகு சறுக்குது சறுக்குதுங்குது. நூலைப் பார்த்தா நேரா நிக்குது. இருபத்தெட்டு வருஷமாப் பறக்கறேன் மீட்டர் சார்! முதுகுக்கு வயசாயிடுச்சு, இறங்கினதும் கிளப்பை விட்டு நின்னுடணும்னே முடிவு பண்ணிட்டேன்."

மீட்டர்காரருக்கு மயக்கமே வந்தது. "அப்ப அந்த 'ம்?', 'ம்ம்' எல்லாம்..."

"எனக்கு நானே கேட்டுக்கிட்டது."

அவர் கொக்கி தேடி வேர்த்ததெல்லாம் வீண். இரண்டு பேர் ஒரே கிளைடரில், ஒரே நூலைப் பார்த்து, ஆளுக்கொரு விதமாக நடுங்கியிருக்கிறார்கள்.

"டீச்சர், காலைல சுத்தி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டது யாரு?" என்று கேட்டார் பல் டாக்டர், முகத்தைக் குழந்தைபோல் வைத்துக்கொண்டு. டீச்சர் பார்த்த பார்வையில் அவருக்குத் தன் பற்களை எண்ணிப் பார்க்கத் தோன்றியது.

"எப்பக் கண்டுபிடிச்சீங்க?" டீச்சர் மீட்டர்காரர் பக்கம் திரும்பினார்.

"காத்தை அடைச்சுப் பார்த்தேன் டீச்சர். மெயினை அணைச்சுப் பார்க்கிற மாதிரி. ஒரு அம்மா சொன்னாங்க... ரொம்ப நாள் முன்னாடி."

"அப்புறம் எதை வச்சு இறக்கினீங்க?"

மரியாதையான மனிதர் ஒரு டீச்சரிடம் சொல்லக்கூடிய பதிலா அது? மீட்டர்காரர் மைதானத்தின் மறுகோடியைக் காட்டினார். "அது... வந்து... பேக்கரிக்காரர் சொன்ன மீட்டரை வச்சு."

"ம்" என்றார் டீச்சர். உதட்டோரம் துடித்தது.

பேக்கரிக்காரரும் வின்ச்சை அணைத்துவிட்டுச் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கதையைக் கேட்டதும் அவரும் பல் டாக்டரும் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். கண்ணாடிக்குள் தொங்குவது நூலா, பந்தா?

"நூல்ல பண்ணினது, அதனால நூல்" என்றார் பேக்கரிக்காரர்.

"பந்து வேலை செஞ்சுது, அதனால பந்து. பல்செட்டை வாய்ல வச்சு மெல்றவன் பிளாஸ்டிக்னா சொல்றான்? பல்லுன்னுதான் சொல்றான்!" என்றார் பல் டாக்டர்.

அந்தச் சந்தடியில் டீச்சர் என்ன செய்கிறார் என்று யாரும் கவனிக்கவில்லை. உள்ளிருந்த நூலை உரித்தார். கைக்குட்டையால் வெளிக்கண்ணாடியை அழுந்தத் துடைத்து, அதே நூலை வெளியே ஒட்டினார். நாலு ரப்பர் மூடிகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. பிறகு பின்சீட்டுக்குப் போய், ஆளே இல்லாத இருக்கையின் மேல் வார்களை ஒவ்வொன்றாகப் பூட்டி, இறுக்கி இழுத்தார்.

மீட்டர்காரர் பதறினார். "டீச்சர், நீங்க உக்காராம பெல்ட்டை மாட்டிட்டீங்க!"

பல் டாக்டரும் பேக்கரிக்காரரும் சண்டையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"அத்தான்" என்றார் பல் டாக்டர் மெதுவாக. "ஆள் இல்லாத சீட்டுல பெல்ட் தொங்கிக் கைக்கோல்ல சிக்கக் கூடாதுன்னு கட்டி வைப்பாங்க. எப்பக் கட்டுவாங்க?"

"எப்ப?"

"யோசிங்க."

அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே முன்சீட்டில் ஏறினார். யோசித்துக்கொண்டே தன் வாரைப் பூட்டினார். ஸ்வெட்டரின் வலது கை முழங்கைவரை அவிழ்ந்து மடியில் சிவப்புக் குவியலாகக் கிடந்தது. அதை எடுத்துப் பைக்குள் திணித்தார். டீச்சர் கண்ணாடியைச் சாத்தி, இரண்டு தட்டு தட்டி, விலகி நடந்தபோதுதான் மண்டைக்குள் வெளிச்சம் அடித்தது. அதற்குள் வின்ச் உறுமத் தொடங்கியிருந்தது.

நானூறு மீட்டர். மஞ்சள் குமிழ். நிசப்தம்.

நூல் வெளியே கொஞ்சம் நெளிந்தது, உண்மையான நூல் நெளிவதுபோல். வால் வலது பக்கம் ஒதுங்கியது. எதிர்க்கால். இல்லை, அதே கால். இல்லை, அது உள்ளே இருந்தபோது. உள்ளங்கையைப் பார்த்தார், நீலம். நூலை விட்டுவிட்டுக் கீழே இருப்பதைக் கேட்டார். அது இடது பக்கம் முனகியது. இடது காலை மிதித்தார். நூல் நேரானது.

பின்சீட்டிலிருந்து என்ன வரும் என்று பழக்கத்தில் காதைத் தீட்டிக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை.

"ம்" என்று அவரே சொல்லிப் பார்த்தார். அது எந்த 'ம்' என்று அவருக்கே விளங்கவில்லை.